மரத்தடியில் ஒரு வட்டம்

உட்கார்ந்து பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும், ஐயா. இன்றைக்குக் கால் நிலைகொள்ளவில்லை. நின்றபடியே சொல்கிறேன்.

கரும்பு வெட்டித் தேய்ந்த இந்தக் கைக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்து வந்தது. வடக்கனந்தல் முதியோர் பள்ளியில் மணிமொழி டீச்சர் எங்களை வட்டமாக உட்காரவைப்பார். ஊரில் என்ன குறை என்று ஒருநாள் கேட்டார். "இன்னொரு அடிபம்பு வேணுங்க" என்றோம்.

"அது தீர்வுங்க. பிரச்சினை இன்னான்னு மொதல்ல சொல்லுங்க."

கேட்டுக் கேட்டுப் பேசினோம். இருக்கிற பம்பு நன்றாகத்தான் இருந்தது. நிலக்காரர் சுப்புராயன் அதன் கைப்பிடியைக் கழற்றித் தன் வீட்டில் வைத்திருந்தார். அதனால்தான் என் மனைவி இருசம்மாள் பாழுங்கிணற்றில் தண்ணீருக்கு இறங்கினாள். வழுக்கி விழுந்து செத்தாள். பேச்சு முடிந்தபோது கரும்பலகையில் 'பம்புக் கைப்பிடி சுப்புராயன் வீட்டில் இருக்கிறது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. எழுதியவன் நான். தீர்வுக்குப் போவதற்குள் இடஒதுக்கீட்டு மறியல் வந்துவிட்டது.

கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தோம். வளைவுக்கு அப்பால் பிரிந்து மரத்தைச் சுற்றிப்போகும் வாய்க்கால் கரைப் பாதையை முள் போட்டு அடைத்தோம். படித்தவன் என்று என்னைத் தலைவனாக வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சுப்புராயனின் வேன் வந்தது. உள்ளே அவர் மருமகள் கொளஞ்சியம்மாள், பிரசவ வலியில். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மரத்தை இழுத்துப்போடப் பையன்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"உக்காருங்கப்பா" என்றேன். "மரத்த நவுத்துறது தீர்வு. பிரச்சினை இன்னா?"

உட்கார்ந்தார்கள். ஒரு வண்டியை விட்டால் பின்னாலேயே போலீஸ் லாரி வரும் என்றான் ஒருவன். மறியலே கெட்டுப்போகும் என்றான் இன்னொருவன். ஒவ்வொருவரையும் விடாமல் கேட்டேன். அவர்களில் அய்யப்பன் என்ற பையன் மட்டும் எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னா மாமா, டீச்சராயிட்டியா? அந்தப் பொண்ணு கத்திக்கினு கெடக்குது."

"கத்துறது பிரச்சினை இல்லடா. எதுக்குக் கத்துதுன்னு சொல்லு."

எப்போதும் என்னை 'டேய்' என்று கூப்பிடும் சுப்புராயன் வட்டத்துக்குள் வந்து நின்றார். துண்டு கையில் இருந்தது.

"பிச்சைமுத்தண்ணே, கொழந்த குறுக்கால கெடக்குதுங்க. ரெண்டு உசுரு."

"இப்பதான் தெளிவா சொன்னீங்க" என்றேன். "ஆனா இது உங்க வூட்டுப் பிரச்சினைங்க. எங்களோடது இல்ல."

வேனுக்குள் சத்தம் கம்மியானது. பிறகு நின்றது. அதற்கப்புறம் முதலில் கயிற்றைப் பிடித்தவன் நான். அதை என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பம்புக் கைப்பிடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஐயா. சுப்புராயன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கற்றுக்கொடுத்த முறைப்படி கேட்டேன், அவ்வளவுதான். வாய்க்கால் கரை முள்ளை அன்று காலையிலேயே நான் விலக்கியிருந்தேன், என் மாட்டை ஓட்டிப்போக. வேன் போகிற அகலம் இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை.