ஒன்பதாம் வீட்டுச் சீட்டுகள்

நீங்கள் கொடுத்த தாளில் ஓரம் விட்டிருக்கவில்லை. இடதுபுறம் இரண்டு விரல் அளவுக்கு மடித்து நானே விட்டுக்கொண்டேன். கோப்பில் சேர்க்கத் துளை போடும்போது எழுத்து அடிபடக் கூடாது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன், கண் தானாக ஓரத்துக்குப் போய்விடுகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். இந்தத் தாள் மருத்துவமனைக்குப் போனால்தான் ஒன்பதாம் வீட்டு நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றும் சொன்னீர்கள். தாராளமாகக் கிடைக்கட்டும். அவர்மேல் எனக்கு எள்ளளவும் கோபம் இல்லை. அவரால் மூன்று சீட்டு குறைந்தது, அவ்வளவுதான்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். ஆறு வருடமாக நான்தான் சங்கச் செயலாளர். எதிர்த்து யாரும் நின்றதில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தாலே எட்டிப் பார்க்க ஆள் வராத இடத்தில் தேர்தலுக்கு யார் நிற்பார்கள். கட்டடத்துக்கு இருபத்தைந்து வருடம் முடிவதால் விழா எடுத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நான்காம் வீட்டு வங்கிக்காரர் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி கொடுக்கலாம் என்றார். அவருக்கு எப்போதுமே புட்டிதான் தோன்றும். நான் குடும்பச் சீட்டு அடிக்கலாம் என்றேன்.

நீங்களும் சின்ன வயதில் ஆடியிருப்பீர்கள். ஒரு குடும்பத்துக்கு நாலு சீட்டு. அப்பா, அம்மா, மகன், மகள். கலைத்துப் பங்கு போட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம், 'தையல்காரர் வீட்டு அம்மா உங்களிடம் இருக்கிறாரா' என்று கேட்க வேண்டும். இருந்தால் மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'இல்லை, இப்போ என் முறை' என்று சொல்லி அவர் கேட்கத் தொடங்குவார். நாலும் சேர்ந்ததும் அந்தக் குடும்பத்தை மேசையில் வைத்துவிடலாம். கையில் சீட்டை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்வதுதான் இதில் இருக்கும் ஒரே திருட்டுத்தனம்.

தையல்காரருக்கும் ரொட்டிக்காரருக்கும் பதிலாக எங்கள் பன்னிரண்டு வீட்டாரின் படங்களைப் போடுவது என் யோசனை. எங்கள் அச்சகத்தின் கெட்டி அட்டையில் ஒரு தாளுக்கு மிகச் சரியாக நாற்பத்தெட்டு சீட்டு வெட்டலாம். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர். ஒரு துண்டுகூட வீணாகாது. இதை நான் முதல்முறை கண்டுபிடித்தபோது எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எல்லா வீட்டிலும் நாலு பேர் அளவாக இருப்பார்களா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் மனம் இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். மூன்றாம் வீட்டில் இரண்டும் பெண்கள். சின்னவளுக்குத் தொப்பி போட்டு மகன் ஆக்கினோம், அவளும் மீசை வேண்டும் என்று அடம்பிடித்து வரைந்துகொண்டாள். பதினொன்றாம் வீட்டில் மூன்று பிள்ளைகள். நடுவிலவன் எந்தப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டே இருப்பான், அவனை விட்டுவிடலாம் என்றேன். அவன் அப்பா ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மறுநாள் சரி என்றார். ஆறாம் வீட்டில் கல்யாணமாகி நாலு வருடமாகியும் குழந்தை இல்லை. மகனுக்கும் மகளுக்கும் கறுப்பு நிழலாகத் தலை மட்டும் வரைந்து கொடுத்தேன். அந்த வீட்டு மாமியாருக்கு அது மிகவும் பிடித்துப்போய்ப் பெரிதாக ஒன்று அடித்து வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மருமகள் அன்று முதல் என்னைப் பார்த்தால் படி மாறிப் போகிறாள். புதுமணக் கூச்சம் சிலருக்குப் போக நாளாகும்.

மிச்சம் ஒன்பதாம் வீடு. அங்கே வாடகைக்கு இருந்தது அந்த நர்ஸ் மட்டும்தான். இரவு வேலை முடிந்து காலையில் வருவார், பகலில் தூங்குவார், சாயங்காலம் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பழம் தின்பார். ஆறு வருடத்தில் அவரைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. நான் முறைப்படி அவர் வீட்டுக்குப் போய் விவரம் சொன்னேன். என் மனைவியும் கூட வந்தாள். பெற்றோர் இல்லையா, அண்ணன் தம்பி இல்லையா, சித்தி பெரியம்மா பிள்ளைகளாவது உண்டா என்று விசாரித்தேன். யாரும் இல்லை என்றார். சொல்லும்போது வருத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு மாதிரி இருந்திருக்கும். அவர் டீத்தூள் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

"நாலு சீட்டுலயும் என் படத்தையே போட்டுருங்க சார். சமைக்கிற மாதிரி ஒண்ணு, பல்பு மாட்டுற மாதிரி ஒண்ணு, படிக்கிற மாதிரி ஒண்ணு, தூங்குற மாதிரி ஒண்ணு. நாலு பேர் வேலையும் நான்தானே பாக்குறேன்."

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அவள் வழக்கம். அன்று கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தும் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன், "ஒண்ணுமில்லங்க, அந்தத் தூங்குற சீட்டு" என்றாள்.

அதன் பிறகுதான் ஒன்பதாம் வீட்டுக் குழாயை மூடினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் தண்ணீருக்குத் தொட்டியடியில் தனித்தனித் திருகு உண்டு, அது செயலாளர் பொறுப்பு. காலை ஏழரைக்கு அவர் வரும் நேரம் மூடி, பத்து மணிக்குத் திறந்துவிடுவேன். அலுவலகம் போக நேரமானால் மூடியபடியே போவதும் உண்டு. ஒரு மனிதரை வெளியே போங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வது பண்பாடு இல்லை. அவராகவே வேறு வீடு பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். நாலாவது நாள் இரண்டாவது வாளியை என் மனைவி தூக்கிக்கொண்டு போனாள். பிறகு மேலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறாள் என்றார்கள். தினமும் பார்க்கும் அளவுக்கு அவளுக்கு என்ன அழுத்தம் என்று எனக்குப் புரியவில்லை.

விழாவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நான் மருத்துவமனைத் தலைமை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர் போடவில்லை, 'நலம் விரும்பி' என்று முடித்தேன். இன்ன வார்டு நர்ஸ் வலி மருந்து ஊசிகளைத் திருடி வெளியே விற்கிறார் என்பது சாரம். அந்த மருத்துவமனைக்குப் போகும் சரக்கின் லேபிள் என் மேசைக்கு வந்துதான் போகும். அதிலிருந்த தொகுதி எண்ணை அப்படியே எடுத்து எழுதினேன். சரியான எண் ஒன்று இருந்தால் மற்றதை யாரும் சோதிப்பதில்லை, இது என் தொழில் அனுபவம். எந்த மருத்துவமனையில்தான் இருப்பு சரியாக இருக்கும், எண்ணிப் பார்த்தார்கள், ஒரு பெட்டி குறைந்தது. அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு இதைத் தொலைபேசியில் தெரிவிப்பதும் செயலாளரின் கடமை, தெரிவித்தேன். பத்தே நாளில் வீடு காலியானது.

அவர் போன காலையில் என் மனைவி கீழே வரை போய் வழியனுப்பினாள். ஒரு பெட்டி, ஒரு மின்விசிறி, சுருட்டிய மெத்தை. வண்டிக்காரர் வேறு சாமான் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த வாரமே ஒன்பதாம் வீட்டுக்கு ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். மனைவி, மகன், மகள். அளவெடுத்துத் தைத்தது போன்ற குடும்பம். நால்வரையும் சாமான் இறக்கும்போதே நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டும் அடித்து வந்தது. வெட்டுக்கூட ஒரு நூல் பிசகவில்லை.

விழாவில் எல்லோரும் ஆடினார்கள். "மூணாம் வீட்டு மகன் இருக்கா" என்று கேட்டபோது மீசைக்காரியே எழுந்து நின்றதில் ஒரே கூத்து. பதினொன்றாம் வீட்டு நடுவிலவன் மட்டும் ஆட வரவில்லை. ஒரு மூலையில் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆளுக்கு ஒரு வெற்றுச் சீட்டு இருந்தால் வரைந்துகொள்ளலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு எழுந்து போனாள்.

வெற்று அட்டைகள் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தன. அதே இழுப்பறையில்தான் கோப்பும் இருந்தது. எதையும் நகல் எடுத்துச் சிவப்பு மையில் பிழை திருத்தாமல் நான் வெளியே விடுவதில்லை, திருத்திய நகலைத் தேதி போட்டுக் கோப்பில் வைக்காமல் இருந்ததும் இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். தலைமை மருத்துவருக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான் இருந்தது, இரண்டு காற்புள்ளி சேர்த்து, கீழே என் சுருக்கொப்பத்துடன். அதுதான் இப்போது உங்கள் மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருப்பது.

விழா முடிந்து நான் வீட்டுக்குப் போனபோது அவள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல" என்றாள்.

நான் நன்றி என்று சொன்னேன்.

மறுநாள் அலுவலகம் விட்டு வந்தபோது அவளும் மகளும் இல்லை. சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டுச் சீட்டில் இரண்டு, அம்மாவும் மகளும், கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மகன் தன் அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். அம்மா எங்கே என்று கேட்டேன். "நர்ஸ் ஆன்ட்டி வீட்டுல. நானும் பரீட்சை முடிஞ்சதும் போயிருவேன்" என்றான். பன்னிரண்டாம் வீட்டில், அதுவும் செயலாளர் வீட்டில், இரண்டு சீட்டு குறைந்தால் மற்றவர்கள் என்னை எப்படி மதிப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் விலாசம் விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு துணிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, தகரக் கதவு. வேலை போன பிறகு அவர் அந்தக் கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாராம். நான் சண்டை போடவில்லை, குரல் உயர்த்தவில்லை. கதவைத் தட்டினேன், அவர் திறந்தார். சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்துக் காட்டி, விதிப்படி கேட்டேன்.

"பன்னிரண்டாம் வீட்டு அம்மா உங்ககிட்ட இருக்காங்களா?"

அவர் என்னையும் சீட்டையும் பார்த்தார். விரலிடுக்கில் தையல் ஊசி இருந்தது. உள்ளே யாரோ மூச்சை அடக்குவது எனக்குக் கேட்டது.

"இல்ல சார்" என்றார். "இப்போ என் முறை."

கதவைச் சாத்திவிட்டார். அன்று மதியம் இருவரும் சேர்ந்து இங்கே வந்து அந்த நகலை உங்களிடம் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது.

ஆக, குழாயை மூடியது நான். கடிதம் எழுதியது நான். வீட்டுக்காரரிடம் சொன்னதும் நான்தான். ஊசிகளை அந்த நர்ஸ் தொட்டதுகூட இல்லை, ஒரு குற்றமும் அவர்மேல் இல்லை. இதை யாரும் மிரட்டாமல், சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எழுதியதை ஒருமுறை படித்தும் பார்த்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி. அந்த அறை வாசலில் என் மனைவியின் செருப்பு இருந்தது மேடம். இடது வாரில் நான் தைத்துக் கொடுத்த நீல நூல்கூடத் தெரிந்தது. கையில் வைத்துக்கொண்டே அவர் இல்லை என்று சொன்னார். அதற்கு ஒரு புகார் கொடுக்க வேண்டும். இன்னொரு தாள் கொடுங்கள், ஓரம் நானே விட்டுக்கொள்கிறேன்.