ஒம்பதாம் நம்பர் கால்

...கால் வளருமாம்மா? இந்த அம்பத்தஞ்சு வயசுல? நீயே சொல்லு. மூணு வாரத்துக்கு முன்னாடி இதே கடையில, இதே ஸ்டூல்ல உக்காந்துதான் இந்த ஷூவப் போட்டுப் பாத்தேன். பூ மாதிரி இருந்துச்சு. இப்ப கட்டைவிரல் மடங்கிக் கெடக்கு! சைக்கிள் மிதிக்கிறேனா, கால இடுக்கியில குடுத்துட்டு உக்காந்திருக்கேனான்னே தெரியல.

துணியில நான் குத்தம் சொல்லலம்மா. தொளதொளன்னு பேன்ட் போட்டா சங்கிலி கவ்விடும்னு சொன்ன. சரி. உக்கார்ற எடத்துல பஞ்சு வெச்ச அரைக்கால் டவுசர் குடுத்த. அதுவும் சரி. மொத நாள் அதப் போட்டுக்கிட்டு வெளிய வந்தா வீட்டுக்காரி கேக்குறா, "என்ன, தலகாணியோட கெளம்பிட்டீங்க?" பரவால்ல, சொகமா இருக்கு. இந்த ஷூதான்...

ஏன் இவ்ளோ பொலம்புறேன்னு பாக்குறியா? அன்னைக்கு என்கூட வந்தாரே, மீசை வெச்சவரு, அவரு என் சம்பந்தி. பொண்ணக் குடுத்த எடம். அவரும் இதே கறுப்பு ஷூ, இதே மஞ்சக் கோடுதான் வாங்கினாரு. ஞாயித்துக்கெழமைதோறும் ரெண்டு பேரும் ஏரியச் சுத்தி ஓட்டுறோம். என்னவிட ரெண்டு வயசு மூத்தவரு. அவருகிட்டத் தோத்துட்டு எம்பொண்ணு மொகத்துல எப்படி முழிக்கிறது?

அவருக்கும் போன வாரம் மிதிக்கும்போதே ஷூ கழண்டு விழுந்துச்சு. "கால் சுருங்குற மாதிரி இருக்கு சம்பந்தி"ன்னாரு. விடுவேனா? "வயசாயிடுச்சுல்ல, இனிமே அப்படித்தான். டாக்டரப் பாருங்க"ன்னேன். எம்பொண்ணு முன்னாடி, மாப்பிள்ளை முன்னாடி. மனுசன் மொகம் சுண்டிப் போச்சு. நெசமாவே இன்னைக்குக் காலைல டாக்டர்கிட்ட போயிருக்காராம். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோன்னு எனக்கே... சரி, அத விடு.

என்ன, ஷூவக் கவுத்துப் பாக்குற? நம்பரா? ஒம்பதுதான்.

எட்டா? எப்படிம்மா எட்டு? நான் ஒம்பது. எட்டு அவரோட...

...அவரோடது.

இரு இரு. மொத வாரம் அவரு வீட்டு வாசல்ல ரெண்டு பேரும் கழட்டிப் போட்டோம். காபி குடிச்சுட்டு, அவருக்கு முன்னாடி சைக்கிள்ல ஏறணும்னு நான்தான் அவசரமா ஓடி, கெடச்சத மாட்டிக்கிட்டு...

ஐயையோ.

யாரும்மா அது, கதவத் தள்ளுறது? அவரேதான்! டொக்கு டொக்குன்னு என் ஷூ வருது பாரு! இதத் தள்ளு, ஸ்டூலுக்கு அடியில தள்ளு! சிரிக்காத!

வாங்க சம்பந்தி, வாங்க! நானா? சும்மா... சாக்ஸ் வாங்க வந்தேன். டாக்டர் என்ன சொன்னாரு? ஓ... காலுக்கு ஒண்ணுமில்லையா? ஷூவத்தான் கடையில காட்டச் சொன்னாரா?

எனக்கென்னமோ... நீங்க வேற டாக்டரப் பாக்குறது நல்லது சம்பந்தி.