ஜோடிப் பறவை பிரசங்கம்

இல்ல மேடம், எந்திரிக்காதீங்க. எந்திரிச்சா மறுபடியும் வாந்திதான் வரும். மத்த டூரிஸ்ட்டுங்கல்லாம் கரைக்குப் போயாச்சு. உங்களுக்கு ஒண்ணும் நட்டமில்ல, பறவைதான். இதுங்க அதுங்களை வாயைப் பொளந்து பாக்கும், அதுங்க இதுங்களைப் பாக்கும், யாரு யாரைப் பாக்க வந்தாங்கன்னே தெரியாது. இந்தாங்க, வாழைக்காய் சூப்பு, ரெண்டு வாய் குடிங்க. நான் வெச்சதுதான், இந்தக் கப்பல்ல சமையல் நான்தான்.

ஆல்பட்ராஸ் பறவையா? அய்ய, அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க. அங்க என்ன நடக்குதுன்னு இங்க உக்காந்துக்கிட்டே சொல்றேன். எஸ்பனியோலாத் தீவுப் பாறை மேல எல்லாரும் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு நிப்பாங்க. நம்ம கைடு ஃபௌஸ்தோ குரலைத் தழைச்சுக்குவான். இந்தப் பறவை ஒரு தடவை ஜோடி சேந்துட்டா சாகற வரைக்கும் அதே ஜோடிதான், கடல்ல எங்க சுத்தினாலும் இங்கயே வந்து சேந்துடும்னுவான். கண்ணைத் துடைப்பான். கூடவே நாலு பொம்பளைங்க துடைப்பாங்க. அவனுக்கு அந்தக் காத்து ஒத்துக்காது மேடம், கண்ணுல தண்ணி வரும். வேற ஒண்ணுமில்ல.

எனக்கு எப்படித் தெரியும்னா? அந்த மகராசன் என் புருஷன்.

சிரிக்காதீங்க, வயித்தைப் பிரட்டும். கடலுக்கு அந்தப் பக்கம் அம்பாத்தோ மலைக்காரன். வந்த புதுசுல நீச்சல் தெரியாது, கடல்சிங்கத்தைப் பாத்து ஓடினவன். தீவுல பொறந்தவளைக் கட்டினாத்தானே வெளியூர்க்காரன் இங்க தங்கி கைடு வேலை பாக்க முடியும்? என்னைக் கட்டினான். ஆசைப்பட்டுத்தான் கட்டினான்னு நானும் நம்பிட்டேன். இப்போ அவன் என்கூட இல்லன்னு யாரோ போய் வத்தி வெச்சிருக்காங்க. நாளைக்குக் கரைக்குப் போனதும் தங்கற பேப்பர் பாக்கற ஆபீஸர் வந்து நிப்பாரு, சேந்துதான் வாழறீங்களான்னு என்னைக் கேக்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அடுத்த பிளைட்டுல மலைக்கு மூட்டை கட்டணும் அவன்.

சேந்தா? மிருகத்துக்கிட்டேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தான்ல? அந்தச் சட்டத்தை வீட்டுல என்கிட்டதான் ஒழுங்கா கடைப்பிடிக்கிறான்.

எப்படி மாட்டினான்னு கேளுங்க. போன வருஷம் கப்பலை ரிப்பேருக்குக் கரையேத்தினாங்க. நம்மூர்ப் பட்டறைதான், காவலுக்குப் படுத்துக்கறேன்னு போனான். ரெண்டு நாள் கழிச்சு வந்தவன், வாசப்படியில உக்காந்து பிரஷ்ஷை எடுத்து ஷூவோட அடியைத் தேய் தேய்னு தேய்க்கிறான். உங்களையும்தான் தினம் தேய்க்க விடறாங்களே, ஒரு தீவு மண்ணும் விதையும் அடுத்த தீவுக்குப் போகக்கூடாதுன்னு. நாலு தெரு தள்ளிப் படுத்தவனுக்கு அது எதுக்கு? வருஷக் கணக்கா செஞ்ச பழக்கம், கை பாட்டுக்கு தேய்க்குது. எந்தத் தீவுன்னு கேட்டேன். பிரஷ்ஷு அப்படியே நின்னுடுச்சு. இசபேலான்னான். மூஞ்சியைப் பாக்கணுமே, நாத்தம் புடிச்ச மீன் மாதிரி.

அதான், எல்லாரும் அதையேதான் சொல்றாங்க, ஆபீஸர்கிட்ட இல்லைன்னு சொல்லிடுன்னு. நானும் அடுப்படியில நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வாய்க்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆமாம்னுதான் சொல்லப்போறேன்.

பாசமா? அவன் மேலயா? அவன் கடல்ல விழுந்தாக்கூட அடுப்பை அணைச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு, அப்புறம்தான் எட்டிப் பாப்பேன். அறுத்துவிட்டா அந்த இசபேலாக்காரியைக் கட்டிக்கட்டும்னு சொல்லாதீங்க. புதுசா கட்டினா பேப்பரெல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் மலையிலதான் கெடக்கணும். சூப்பைக் குடிங்க, ஆறுது.

யாரா? இசபேலாவுல இருக்கறது என் தங்கச்சி நர்சிசா. அம்மா போனப்புறம் நான்தான் வளத்தேன். இப்போ ஏழு மாசம். அவ முகத்துல முழிக்க மாட்டேன், அது வேற. ஆனா பொறக்கறது என்னைப் பெரியம்மான்னு கூப்பிடணும்ல? அப்பனை விரட்டி விட்டவளை அது அப்படிக் கூப்பிடாது மேடம்.