மச்சானுக்குத் தெரியாத கும்பிடு

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர், மடியில் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக ஒரு பையை வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னார்:

"கார் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டுனதுல மச்சான் ஊட்டுல பேச்சே நின்னுபோச்சுங்க."

"அதெப்படிங்க?"

"மெட்டல் பிலிமுங்க. முன்னெல்லாம் சீட்டுல உக்காந்தா தோசைக்கல்லாட்ட சுடும். இப்ப உள்ள ஜில்லுன்னு இருக்குது. ஆனா வெளிய இருந்து பாத்தா மூஞ்சி பாக்கற கண்ணாடியாட்டத்தான் தெரியும். காரமடையில மச்சான் ரோட்டோரம் நின்னாருங்க. நான் உள்ள இருந்து நல்லாத்தான் கும்பிட்டேன். அவருக்கு அவரு மூஞ்சிதான் தெரிஞ்சிருக்குது."

"போன் பண்ணிச் சொல்லிப்போட வேண்டீதுதானுங்க."

"அவரே அப்பக் கூப்பிட்டிருக்காருங்க. அந்தப் பிலிமுக்குள்ள சரியா டவர் கெடைக்கறதில்லீங்க. கார் வந்ததும் மருவாதி போச்சு, போனையும் ஆப் பண்ணிப்போட்டான்னு சொந்தத்துலயெல்லாம் சொல்லிப்போட்டாரு. சமாதானம் பண்ணத்தான் இப்பப் பஸ்ஸுல போறேன்."

"அப்பப் பிலிமை உரிச்சுப்போட்டீங்களா?"

"ஆசையா ஒட்டுனதுங்க, மனசு வருதுங்களா? இப்பெல்லாம் நாலு கண்ணாடியையும் எறக்கி உட்டுட்டு, எதுக்க வாரவங்களையெல்லாம் ஒரு கையில கும்பிட்டுட்டேதான் ஓட்டறேன்."

பக்கத்துச் சீட்டுக்காரர் விடவில்லை.

"அப்ப வெயிலுக்கு என்னங்க பண்றீங்க?"

"வெயிலு எம்மேல அடிக்குதுங்க. பிலிம் கதவுக்குள்ள நெழல்ல பத்திரமா இருக்குது."