வெர்னா வீட்டு மீட்டர்

கடல் தண்ணீரை வீட்டில் தயாரிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சுத்தமான தண்ணீர், அதற்கென்று விற்கிற உப்பு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். பீனிக்ஸ் மாதிரி ஒரு பாலைவன ஊரில் என் வரவேற்பறையில் ஒரு துண்டுக் கடல் இருந்தது என்றால், அதற்காக நான் பட்ட பாட்டில் உப்பின் பங்கு குறைவு. மற்றதெல்லாம் கரண்ட்.

பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுவதை நீங்கள் கேட்க வேண்டும். பவளத்தின் நிறத்தில் ஆரம்பித்து மின்கட்டணத்தில்தான் முடிப்பார்கள். மேலே விளக்கு, உள்ளே அலை எழுப்ப மோட்டார்கள், எல்லாவற்றையும் விடப் பெரிய தீனிப்பண்டாரம் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். பவளத்துக்கு எழுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். எண்பத்தைந்தைத் தாண்டினால் வெளுத்துச் சாகும். முன்பு ஒரு கோடையில் நான் ஊரில் இல்லாதபோது பழைய சில்லர் நின்றுபோய் மொத்தத் தொட்டியும் செத்தது. கதவைத் திறந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதேன். இனி ஓர் உயிரையும் அப்படிச் சாகவிடக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்றது புரியும்.

எங்களுடையது ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு வீடு. அந்தப் பக்கம் வெர்னா டக்கெட். எண்பதை நெருங்கியவர், பென்ஷனில் ஒற்றையாக இருந்தவர். சாயங்காலங்களில் வாழைப்பழக் கேக் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தொட்டியைப் பார்க்க வருவார்.

“இந்த ஆரஞ்சுப் பய இருக்கானே, அச்சு அசல் என் ராய்தான். வீட்ட விட்டு ஒரு அடி நகர மாட்டான், யாராச்சும் கிட்ட வந்தா மட்டும் கடிக்கப் பாய்வான்,” என்று தொட்டியில் இருந்த ஆரஞ்சு மீனைக் காட்டிச் செத்துப்போன கணவரைக் கிண்டல் செய்வார்.

சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை வெளியே ஊதும். அதை என் அறையிலேயே வைத்தால் என் ஏசி அந்தச் சூட்டோடு மல்லுக்கட்டும், செலவு இரட்டிப்பாகும். விவரம் தெரிந்தவர்கள் அதை வேறு அறையில் வைப்பார்கள். எனக்கு வேறு அறை இல்லை. வெர்னாவின் சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் சிற்றறை ஒன்று இருந்தது, என் தொட்டிக்கு நேர் பின்னால்.

“அதுக்கென்ன கண்ணு, வச்சுக்க. நான் தொவைக்கிறதே ரெண்டு துணிதான்,” என்றார்.

சுவரில் துளை போட்டுக் குழாயை விட்டேன். சில்லரின் பிளக்கை அங்கேயே இருந்த சாக்கெட்டில் சொருகினேன். அது அவருடைய மீட்டரில் ஓடும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. துளைதான் இருக்கிறதே என்று பிறகு விளக்கின் வயரும் மோட்டார்களின் வயரும் அதே வழியாகப் போயின.

கோடை பிறந்ததும் பில்லோடு வந்து நின்றார்.

“வெஸ்லி, உனக்குத்தான் கரண்ட் விஷயமெல்லாம் அத்துப்படியாச்சே. என் வீட்டுல பேய் ஏதாச்சும் கரண்டக் குடிக்குதான்னு பாரு.”

முழு மனதோடு உதவினேன். வீட்டைச் சுற்றிவந்து எதெல்லாம் வீண் என்று காட்டினேன். பழைய இரண்டாவது ஃபிரிட்ஜை நிறுத்தினோம். ஏசியை எண்பத்து நான்கில் வைக்கச் சொன்னேன், அடுத்த பில் வந்ததும் எண்பத்தெட்டில். நல்ல மனுஷி, சொன்னதை அப்படியே கேட்டார். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சமையலறை மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று ஒரு தடவை கேட்டார். மேற்கு வெயில் என்றேன்.

ஜூலையில் நூற்றுப் பதினேழு டிகிரி அடித்த மதியம், நடுச்சுவரைத் தட்டினார். அவர் பக்கம் கரண்ட் போய்விட்டது. அதாவது என் தொட்டிக்கும் போய்விட்டது. வெளியே இருந்த மின்பெட்டியைத் திறந்தேன். பழைய மெயின், அவருடைய ஏசியையும் என் சாமான்களையும் சேர்த்துத் தாங்கவில்லை. போட்டதும் விழுந்தது. மறுபடி போட்டேன், மறுபடி விழுந்தது. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும்.

ஏசியின் சுவிட்சை அணைத்துவிட்டு மெயினைப் போட்டேன். இந்தத் தடவை விழவில்லை. உள்ளே சில்லர் உறுமத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

“ஃபேன் சுத்துது. ஏசி வரலையேப்பா?” என்றார் வெர்னா.

“அது பழுதாயிடுச்சு போல. ஆளுக்குச் சொல்லிட்டேன்.”

“எப்ப வருவானாம்?”

“நாளைக்குக் காலைல. நீங்க பேசாம ஃபேனுக்கு அடியில படுங்க.”

“நீ மட்டும் இல்லன்னா என் பாடு திண்டாட்டம்தான்டா.”

ஏசி ஆள் யாருக்கும் நான் சொல்லவில்லை. வயர்களை என் பக்கம் மாற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சின்ன வேலைதான். ஆனால் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், பார்த்திருந்தால் மனம் உடைந்துபோயிருப்பார். என்னை மகன்போல நினைத்தவரை நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டில் உட்காரவைத்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். வந்தால் ஆள் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருவர் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பொய் சொல்வது எனக்கு வராது.

சாயங்காலம் மறுபடி சுவரைத் தட்டினார், இந்த முறை மெதுவாக. பவளங்கள் அப்போது நன்றாக விரிந்திருந்தன. நான் போகவில்லை. சில்லர் எடுத்த சூடு முழுவதும் அவர் சமையலறைக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவே இல்லை.

காலையில், அவர் என்னிடம் கொடுத்துவைத்திருந்த சாவியால் திறந்தேன். சமையலறைத் தரையில் கிடந்தார், உயிர் இல்லை. பார்க்க ஆள் இல்லாததால் இப்போது விளக்கையும் மோட்டார்களையும் என் பக்கம் மாற்ற முடிந்தது. சில்லரை மட்டும் விட்டேன். ஏசியைப் போட்டு, வீடு நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். வயதானவர், இதயம் நின்றிருக்கும் என்று உங்கள் ஆட்கள் முதலில் சொன்னது அதனால்தான். மறைப்பதற்காகச் செய்தேன் என்று எழுதாதீர்கள். அவர் உடம்பு வெயிலில் கெட்டுப்போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதெல்லாம் இருக்கட்டும். வெர்னா பக்கத்து மெயினை நேற்றே அணைத்து முத்திரை வைத்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். சில்லர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இந்நேரம் தண்ணீர் தொண்ணூறைத் தொட்டிருக்கும். அவற்றுக்குச் சுவரைத் தட்டிக் கூப்பிடவும் தெரியாது. ஒரே ஒரு போன் செய்தால் போதும். வாயில்லா உயிர்களை இந்த வெயிலில் விட்டுவிட்டு, மனசாட்சி உள்ள ஒரு மனிதரால் எப்படி ஐயா இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்க முடிகிறது?