மூணாவது ஆள் வந்தா கூட்டம்

– அப்ப மூடப்போறது சூளைப் பள்ளியத்தான்னு வெச்சுக்கலாமா, வெர்னன்?

– 'மூடுறது'ங்கிற வார்த்தையே வேண்டாம் பெவ். 'ஒருங்கிணைக்கிறோம்'. தொலைநோக்கோட பாத்தா எந்தப் பள்ளியும் மூடப்படறதில்ல.

– கதவுல பூட்டு தொங்கினா அதுக்கு எங்க பக்கத்துல மூடுறதுன்னுதான் பேரு. சரி, உங்க இஷ்டம். பிராந்தியை இப்படித் தள்ளுங்க.

– யாரோ தட்டுறாங்க.

– ஐஸுக்குக் கீழ மீன் ஏதாவது முட்டுதோ என்னவோ.

– கதவைத் தட்டுறாங்க, பெவ்.

– உள்ள டாக்டரா? நான்தான், ஆர்லன். திறங்க, மூக்கு கழண்டு பனியில விழுந்துடும் போலிருக்கு.

– திறக்காதீங்க பெவ்! ஆர்லன், அங்கேயே நில்லுங்க. உள்ளே பெவ் இருக்காங்க.

– இருக்கட்டுமே. பெவ்வை எனக்கு ஒண்ணாங்கிளாஸ்லேருந்து தெரியும். ஏன், நான் பாக்கக்கூடாத மாதிரி ஏதாவதா?

– டேய் ஆர்லன், உதை வாங்குவ.

– விளையாட்டு இல்ல ஆர்லன். நம்ம கல்விக் குழுவுல அஞ்சு பேர். அதுல மூணு பேர் ஒரு இடத்துல உக்காந்து பள்ளி விஷயம் பேசினா அது கூட்டம். கூட்டம்னா ஊருக்கு முன்னாடியே அறிவிக்கணும், கதவைத் திறந்து வெச்சு நடத்தணும். நீங்க உள்ள கால் வெச்சா மூணாவது ஆள்.

– கதவைத் திறந்து வெச்சு நடத்தணும்னு நீங்களே சொல்றீங்க. அதைத்தான் நானும் சொல்றேன், திறங்க.

– தலைவர்ங்கிற முறையில எனக்குப் பொறுப்பு இருக்கு. பக்கத்து ஊர்ல என்ன ஆச்சு தெரியுமா? மூணு உறுப்பினர்கள் பேக்கரியில டோனட் வாங்க நின்னப்ப ஒரு தீர்மானத்தைப் பத்திப் பேசியிருக்காங்க. அவ்வளவுதான். தீர்மானமே செல்லாதுன்னு நீதிபதி தூக்கிக் கடாசிட்டார். மறுபடி முறையாக் கூட்டம் போடறதுக்குள்ள ஏப்ரல் தேர்தல் வந்து, குழுவுல ஆளே மாறிட்டாங்க. நமக்கும் ஏப்ரல்லதான் தேர்தல்.

– இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன் டாக்டர். ரெண்டு பேர் பேசினா?

– ரெண்டு பேர் பேசினா அது நட்பு.

– மூணு பேர்?

– சதி.

– அப்ப என் கல்யாணம் முழுக்க சதிதான், மாமியார் கூடவே இருந்தாங்க. திறங்க டாக்டர், பூட்ஸுக்குள்ள கால் இருக்கான்னே தெரியல.

– அந்தப் பச்சை மீன்பிடிக் குடில்ல போய் ஒதுங்குங்களேன். புகை வருது பாருங்க, அடுப்பு எரியுது.

– அங்கயும் போகணும்தான். முதல்ல இங்க கொஞ்சம் சூடு ஏத்திக்கிறேன்.

– விடுங்க வெர்னன், இவன் செத்துக் கித்துத் தொலைச்சா இவன் இடத்துக்கு ஆள் தேட இன்னொரு கூட்டம் போடணும். வா உள்ள. ஆனா சொல்லிட்டேன், மீனைத் தவிர எதைப் பத்தியும் வாய் திறக்கக்கூடாது.

– மீன். சத்தியமா மீன். அடேங்கப்பா! டாக்டர், இது குடிலா, கோயில் மண்டபமா? கீழ கம்பளம், சுவத்துல டிவி! உறைஞ்ச ஏரி மேல இழுத்துட்டு வந்தப்ப ஐஸ் ஒண்ணும் சொல்லலியா?

– மூணு அச்சு வண்டி. தொலைநோக்கோட வாங்கினது.

– பல்லுக்குக் கம்பி கட்டினா இவ்வளவு வருமா! எதாவது கடிச்சுதா?

– காலையிலேருந்து ஒரே ஒரு பெர்ச் மீன். அந்தா, வாளியில.

– இதையா? இதை அதோட அம்மா தேடிட்டிருக்கும் டாக்டர்.

– சின்னதுதான். ஆனா போன வாரத்தைவிட வளர்ச்சி தெரியுது.

– நம்ம பள்ளி அறிக்கை மாதிரியே பேசுறீங்க.

– ஆர்லன், மீன்!

– மீனைத்தான் சொல்றேன் பெவ். இந்த ஏரியில ரெண்டு கரை. அந்தக் கரையில பெரிய பெரிய வீடு, படகுத்துறை, ஏரிமுனை. இந்தக் கரையில பழைய சூளை, வாடகைக் குடியிருப்பு. எந்தக் கரையில மீன் நல்லா வளருதுன்னு மாநிலத்துலேருந்து வந்து அளந்து நட்சத்திரம் போட்டுட்டுப் போனாங்களாம். சூளைக்கரை மீனுக்கு நாலு. ஏரிமுனை மீனுக்கு மூணு. இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன், ஏரியில ஒரு பக்கத்தை வத்தடிக்கணும்னா எந்தப் பக்கத்தை வத்தடிப்பீங்க?

– நட்சத்திரத்தை மட்டும் வெச்சு முடிவெடுக்க முடியாது. ஏரிமுனை 'எதிர்பார்ப்புக்கு ஏற்ப' இருக்கு. ஒரு சறுக்கல், அவ்வளவுதான். அங்க கட்டடம் புதுசு. வாகன நிறுத்தம் இருக்கு. அந்தச் சுவத்துல நம்ம கொள்கை வாசகம் இருக்கு, 'ஒவ்வொரு குழந்தையும் ஓர் அடிவானம்'.

– வெர்னன், நீங்களே ஆரம்பிச்சுட்டீங்க.

– இல்ல பெவ், இவர் மீன்னு சொல்லிக்கிட்டு... ஒரு ஆலோசகரை வெச்சு ஒரு வருஷம் உக்காந்து யோசிச்ச வாசகம் அது!

– நல்ல வாசகம் டாக்டர். அடிவானத்துக்கு ஒரு நல்ல குணம், எவ்வளவு நடந்தாலும் பக்கத்துலயே வராது.

– பாத்தீங்களா பெவ், எப்படிப் பேசுறார் பாருங்க! நான் இந்த மாவட்டத்துக்கு என்ன செஞ்சேன்னு இவருக்குத் தெரியுமா? மாநிலத்துக்காரன் கையைக் கட்டிப் போட்டுட்டான். வரியை இவ்வளவுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு கூரை போட்டுட்டான். கூரைக்கு மேல போகணும்னா ஊரைக் கேக்கணும். ரெண்டு தடவை வாக்கெடுப்பு வெச்சேன். ரெண்டு தடவையும் ஊர் வேண்டாம்னுடுச்சு. ரெண்டு பள்ளிக்குக் காசு இல்ல. நான் என்ன செய்ய, என் பல்லைக் கழட்டி விக்கவா?

– ஊர் வேண்டாம்னு சொல்லல டாக்டர். எந்தப் பேட்டையில என்ன ஓட்டு விழுந்ததுன்னு நீங்களும்தானே பாத்தீங்க. சூளைப் பக்கம் முழுக்க வரியை ஏத்துங்கன்னுதான் போட்டாங்க. ஏரிமுனைக்காரங்கதான் வேண்டாம்னாங்க. இப்ப காசு குடுக்க மாட்டேன்னவன் வீட்டுப் பக்கத்துப் பள்ளி நிக்குது, குடுக்கறேன்னவன் பிள்ளை ஏரியைச் சுத்தி பஸ்ல போகணும்.

– அதுக்கு முந்தின வாக்கெடுப்புல எல்லாக் கரையும் சேர்ந்துதானே ஓட்டுப் போட்டாங்க!

– அது கால்பந்து மைதானத்துக்கு. இந்த ஊர்ல பிளாஸ்டிக் புல்லுன்னா ரெண்டு கரையும் அண்ணன் தம்பி.

– அந்த மைதானத்துக்கு என் பேரை வைக்கணும்னு நான் கேக்கல. அவங்களா வெச்சாங்க.

– நல்லாத்தான் இருக்கு டாக்டர். ராத்திரியில கூட பேரு எரியுது.

– ஆர்லன், நான் சொல்றேன், கேட்டுக்கோ. நான் வீடு வித்துப் பிழைக்கிறவ. ஏரிமுனையில வீடு பாக்க வர்றவங்க சமையலறையைப் பாக்கறதுக்கு முன்னாடி பள்ளி எவ்வளவு தூரம்னு கேக்குறாங்க. அந்தப் பள்ளியை மூடினா அங்க விலை விழும். விலை விழுந்தா எல்லாரும் வீட்டு வரியைக் குறைன்னு மனு போடுவாங்க. அந்தச் சுமை யார் தலையில விடியும்? உங்க சூளைக்காரங்க தலையிலதான். எனக்கும் பிடிச்சு இதைச் செய்யல, சொல்லிட்டேன்.

– உனக்கும் சூளைப் பள்ளிதானே பெவ். அந்த நீளத் தாழ்வாரத்துல நீ என்னைத் தள்ளிவிட்டுப் பல்லு உடைஞ்சது.

– அப்பவே தொந்தரவு பண்ணின. வேணும்னே தள்ளினேன்.

– அந்தப் பள்ளிப் பிள்ளைங்க இப்ப சாயங்காலம் என் பௌலிங் கடைக்குத்தான் வரும். அம்மா அப்பா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அங்கதான். ஒரு பொண்ணு, போன வருஷம் மெனுவுல படத்தைத்தான் தொட்டுக் காட்டும். இப்ப முழுசாப் படிக்குது. படிச்சுட்டு என்னைக் கூப்பிட்டு, 'இதோட ஊறுகாயும் வரும்னு போட்டிருக்கு, நீங்க ஒருநாளும் வெச்சதில்ல'ன்னு சண்டை. நட்சத்திரமெல்லாம் எனக்குப் புரியாது. இந்த ஜனவரியிலேருந்து ஊறுகாய் வாங்கி வைக்கிறேன்.

– அந்தப் பொண்ணுக்குச் சொல்லித்தர்ற டீச்சர் நல்லவங்கதான். ஏரிமுனைக்கு மாத்திடலாம்னு இருக்கோம்.

– எல்லாப் பிள்ளைக்கும் அங்க இடம் இருக்கா?

– வகுப்புக்கு முப்பது பேர் ஆகும். தொலைநோக்கோட பாத்தா...

– தூரத்துலேருந்து பாத்தா கூட்டமாத் தெரியாது. அதான?

– ஆர்லன், உங்களுக்கு உணர்ச்சி அதிகம். நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு.

– இருக்கு டாக்டர், ஒத்துக்கறேன். நான் தோத்துட்டேன்னும் தெரியுது. நானும் டெரெசாவும் ரெண்டு. நீங்க ரெண்டு பேர். கீத்தும் உங்க பக்கம்தானா?

– கீத் போன்லயே சொல்லிட்டார். அரிசோனாவுல கோல்ஃப் ஆடிட்டிருந்தார். திங்கட்கிழமை கூட்டத்துல திரையில வந்து கையைத் தூக்கிடுவார்.

– இந்தக் குளிரைப் பாக்காதவர்தான் பிள்ளைங்க பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிக்கலாம்னு சரியாச் சொல்லுவார். சரி. அப்ப திங்கட்கிழமை ஊர்க்காரங்க வரிசையில நின்னு ஆளுக்கு மூணு நிமிஷம் அழுவாங்களே, அது?

– கேட்டுக்குவோம். தலையை ஆட்டிக் கேக்கணும், அது முக்கியம்.

– சரி, ஒரு உதவி பண்ணுங்க டாக்டர். திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் தோக்க எனக்குக் கூச்சமா இருக்கு. இங்கயே ஒரு தடவை தோத்துப் பழகிக்கிறேன். நீங்க முறையாச் சொல்லுங்க, நீங்க சொன்னா ஒரு கம்பீரம் வரும்.

– வெர்னன், வேண்டாம். இவன் முகம் சரியில்ல. பல்லு உடைஞ்ச அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சான்.

– ஒத்திகைதான பெவ். மனுஷன் பெருந்தன்மையாக் கேக்குறார். அந்த மீனடிக்கிற கட்டையை எடுங்க.

– அதை எதுக்கு?

– தட்ட வேண்டாமா? ம்ம். சூளைத் தொடக்கப் பள்ளியை ஏரிமுனைப் பள்ளியோட ஒருங்கிணைக்கும் தீர்மானம். ஆதரிப்பவர்கள் கை தூக்கவும். நான். பெவ்?

– தூக்கிட்டேன், போங்க. கையில கிளாஸ் இருக்கு.

– எதிர்ப்பவர்கள்?

– நான், டாக்டர்.

– தீர்மானம் நிறைவேறியது. பாத்தீங்களா, வலிக்கவே இல்ல.

– எவ்வளவு அழகாத் தட்டுறீங்க! ஐஸே அதிர்ந்துடுச்சு. சரி, பிராந்திக்கு நன்றி. கிளம்புறேன்.

– இதுக்குள்ளயா? இப்பத்தான் மீன் கடிச்சு ஒரு தூண்டில் கொடி எழும்புது பாருங்க, வெளியில, உங்க தூண்டில்தானே அது?

– எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு டாக்டர்.

– எங்கடா போற?

– அந்தப் பச்சைக் குடிலுக்குத்தான் பெவ்.

– அது யாரோடது, உனக்குத் தெரிஞ்சவங்களா?

– உங்களுக்கும் தெரியும். போன கோடையில மைதானத் திறப்பு விழாவுல டாக்டர் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மாவட்ட அரசு வழக்கறிஞரம்மா. கதவைச் சாத்திக்கிட்டுக் கூட்டம் போடறவங்க மேல வழக்குப் போடறது அவங்கதான்.

– ...ஆர்லன். உக்காருங்க. அது வெறும் ஒத்திகை.

– டோனட்டும் வெறும் டோனட்தானே டாக்டர்.

– டேய், நீயும்தானே இங்க உக்காந்திருந்த! நீயும்தானே மாட்டுவ!

– நான் மாட்டாம எப்படி மூணு ஆகும் பெவ்? சரணடையத்தான் போறேன். எழுந்திரிங்க ரெண்டு பேரும், சேர்ந்தே போயிடலாம். வழியில வேணும்னா மீனைப் பத்தி மட்டும் பேசிக்குவோம்.