ஆறு அரைத் தண்டுகள் தந்த அண்ணலுக்கு

அளவுநாடா அணிந்த அழகே! அழிரப்பரை ஆயுதமாய் ஆண்ட ஆற்றலே! முப்பத்தோராண்டு எங்கள் டிசைன் பிரிவின் முதல் நாற்காலியில் முதுகு நோகாமல் வீற்றிருந்து இன்று ஓய்வுபெறும் மோகன்ராஜ் ஐயா அவர்களே! நல்லூர்ப் பனியன் தொழிற்கூடத்தின் நாற்பத்திரண்டு கைகள் குவிந்து தங்களை வணங்குகின்றன.

எங்களில் யார் எதை வரைந்தாலும், காலை பத்து மணிக்குள் அதில் தங்கள் கையெழுத்து மலர்ந்திருக்கும். பூவென்றாலும் புலியென்றாலும் பொம்மை யானையென்றாலும் பெற்றவர்கள் நாங்கள். பெயர் வைத்தவர் தாங்கள். இத்தனை விரைவாக வரையும் கரத்தைக் கொங்கு மண் கண்டதில்லை.

சென்ற தவக்காலத்துக்கு முன், நம் முதலாளி சிவராஜ் ஐயா தேவாலயப் பீடத்துக்கு ஆறு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகள் செய்து தருவதாக வாக்களித்தார். படம் வரைந்தவர் எங்கள் பிரிவின் ரோஸ்மேரி. அடியில் கோதுமைக் கதிர், தண்டைச் சுற்றித் திராட்சைக் கொடி, உச்சியில் சிறகு விரித்த புறா. பன்னிரண்டு நாள் வேலை. பனியனுக்கு வரைந்து பழகிய கையல்லவா, நம் வழக்கப்படி பாதி மட்டும் வரைந்து, நடுக்கோட்டின் ஓரம் 'மடிப்பு, மறுபாதியும் இதுவே' என்று எழுதினார். கையெழுத்துக்குத் தாங்கள் தேர்ந்த இடமும் அதுதான். குறிப்பை அழித்தீர்கள்; கையெழுத்தால் அணிசெய்தீர்கள்.

வார்ப்பட்டறை அய்யாசாமி போன் செய்தார். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"ஏனுங்க, படம் பாதிதானுங்க இருக்குது. இப்படியே வார்த்துரலாமுங்களா?"

"படத்துல என்ன இருக்குதோ அதைச் செய்யுங்க. கையெழுத்துப் போட்டிருக்கறேன் பாருங்க."

ஏதோ சொல்ல எழுந்த ரோஸ்மேரியைக் கையமர்த்தினீர்கள்.

மடித்து வெட்டினால் துணி விரியும். பித்தளை, பாவம், விரியவில்லை. ஒற்றைச் சிறகுப் புறாக்கள் ஆறு வந்திறங்கின. ஒருபுறம் தட்டையான அந்தத் தண்டுகள் நிற்க மறுத்ததால் பாதிரியார் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். குறிப்பு எழுதாதது ரோஸ்மேரியின் குற்றமென்று முதலாளியிடம் சொன்னீர்கள். அன்று ஒருநாள் மட்டும் படம் அவருடையதென ஒப்புக்கொண்ட தங்கள் பெருந்தன்மையை என்னென்று புகழ்வோம்! வேலை போய், அவர் இப்போது காதர்பேட்டையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். நாங்கள் அன்று வாய் திறக்கவில்லை. தங்களிடம் நன்றாகக் கற்றது அது ஒன்றைத்தான். இன்றுமுதல் தங்கள் கையெழுத்து எங்களுக்குத் தேவையில்லை என்பதால் திறக்கிறோம்.

அந்தப் படமே எங்கள் நினைவுப் பரிசு. அய்யாசாமி பத்திரமாகத் திருப்பித் தந்தார். ரோஸ்மேரி பென்சிலை அழுத்தி எழுதுபவர். ரப்பர் கரியை எடுத்தது, பள்ளத்தை எடுக்கவில்லை. ஆகவே இருபுறமும் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டிருக்கிறோம். தங்களிடம் தருமுன், முதலாளி அதை ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்க்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம். தங்கள் கையெழுத்துக்கு அடியில் தெரிவதை அவர் வாய்விட்டு வாசித்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். எங்கள் அழைப்பில் வந்த ரோஸ்மேரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பழைய நாற்காலியைக் காலையிலேயே துடைத்து வைத்துவிட்டோம்.

தாங்கள் நூறாண்டு, நோயின்றி, முழுசாக வாழ்க!

இங்ஙனம்,
இனி எவரும் பெயரெழுத இடமில்லாதபடி
தாளின் ஓரம்வரை கையொப்பமிட்டிருக்கும்
டிசைன் பிரிவு ஊழியர்கள் இருபத்தொருவர்